கிளட்ச் கால்

வெடிகுண்டு இல்லை, அண்ணாச்சி. பெடல். ஏறினதிலிருந்து மூன்று தடவை என் மடியைப் பார்த்துவிட்டீர்கள். அதனால் சொல்கிறேன்.

சைக்கிளுக்கு இல்லை. கீபோர்டுக்கு. பாட்டு வாசிக்கிற கீபோர்டு. அதில் விரலை வைத்தால் சத்தம் வரும், எடுத்தால் நின்றுவிடும். இந்தப் பெடலை மிதித்துக்கொண்டு வாசித்தால் விரலை எடுத்த பிறகும் சத்தம் இழுத்துக்கொண்டு நிற்கும். பெடலிலிருந்து காலை எடுத்தால் ஓய்ந்துவிடும். அவ்வளவுதான் இதன் வேலை. சஸ்டெய்ன் பெடல் என்று பேர். நான் பெடல் என்றே சொல்கிறேன்.

சட்டைப்பையில் நீட்டிக்கொண்டிருப்பது ஈர்க்குச்சி. பல் குத்துவதற்கு இல்லை. அது கடைசியில் வரும்.

பாளையங்கோட்டையில் ஒரு கடை. ஐந்தாவது தடவையாகப் போகிறேன். கடைக்காரர் காஜா மைதீன் என்னைப் பார்த்ததும் டீ சொல்லுவார். எனக்கு இல்லை. அவருக்கு.

பெடலைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பத்தொரு வருஷம் கவர்மென்ட் பஸ் ஓட்டினவன். ஞானசிகாமணி டிரைவர் என்றால் சாத்தான்குளம் பக்கம் இன்றைக்கும் தெரியும். இந்த வண்டி ஓட்டுகிறவனைப் பாருங்கள். கிளட்ச் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டுகிறான். பிளேட் தேய்ந்துவிடும். சொன்னால் கேட்பானா? நான் சொல்லவில்லை.

விஷயம் என் வீட்டுக்காரி. மரகதம். எங்கள் ஊர் சர்ச்சில் முப்பத்திநாலு வருஷம் கால் ஆர்மோனியம் வாசித்தவள். அது மேஜை மாதிரி பெரிதாக இருக்கும். கீழே இரண்டு பலகை. இரண்டு காலாலும் மாற்றி மாற்றி மிதித்தால்தான் காற்று ஏறும், சத்தம் வரும். நன்றாக வாசிப்பாள் என்று சொல்வார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை டூட்டி கேட்டு வாங்குகிறவன். அதனால் அதிகம் கேட்டதில்லை.

போன மார்ச்சில் மாதர் சங்கக் கூட்டத்துக்கு ஒரு வேனில் போனாள். இறங்கும்போது படியில் ஒரு கால், தரையில் ஒரு கால். டிரைவர் வண்டியை எடுத்துவிட்டான். கண்ணாடியைப் பார்க்கவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் நான் ஒரு ஆளை விழவைத்ததில்லை. என் பெண்டாட்டியை எவனோ விழவைத்தான். அதைப் பற்றி மேலே பேச வேண்டாம்.

வலது இடுப்பில் தகடு வைத்தார்கள். எலும்பு சேர்ந்தது. பாதத்துக்குப் போகிற நரம்பு சரியாகவில்லை. பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வந்த பிசியோ அம்மா ஒரே வரியில் சொன்னாள். “பாதத்தை அழுத்த முடியும் ஐயா. மேல தூக்கத்தான் முடியாது.” முன்பாதம் தொங்கும். அதற்குப் பட்டை வைத்த ஒரு வெள்ளை ஷூ. நடப்பாள். மெதுவாக.

கால் ஆர்மோனியம் முடிந்தது. ஷீபா டீச்சர் என்று ஒரு பிள்ளை அவள் இடத்தில் வாசித்துக்கொண்டிருந்தாள். ஓசூரில் இருக்கிற எங்கள் மகள் கேள்விப்பட்டு ஒரு கீபோர்டு வாங்கி அனுப்பினாள். “அம்மாவுக்கு இதுக்குக் காலே வேண்டாம்பா, கரண்ட்ல வேலை செய்யும்” என்று போனில் சொன்னாள்.

மரகதம் இரண்டு நாள் வாசித்தாள். மூன்றாம் நாள் மூடி வைத்தாள்.

“என்ன?” என்றேன்.

“விரலை எடுத்தா சத்தம் செத்துப் போகுது. சபை மூச்சு வாங்குற இடத்துல மொட்டையா நிக்குது. இதுக்கு ஒரு பெடல் உண்டாம். ஷீபா சொன்னா.”

காலே வேண்டாம் என்று வாங்கின பெட்டி. அதுவும் ஒரு கால் கேட்டது.

அப்போதுதான் அக்டோபரில் ஐயர் வந்தார். எங்கள் பக்கத்தில் சர்ச் போதகரை ஐயர் என்போம். ஜெபம் பண்ணினார். காப்பி குடித்தார். குடித்துவிட்டுச் சொன்னார். “ஜனவரியில பிரதிஷ்டைப் பண்டிகை வருது. அன்னைக்கு முதல் பாட்டு அம்மா வாசிக்கட்டும். அந்தப் பெட்டியையே கொண்டு வாங்க. முப்பத்திநாலு வருஷ ஊழியம். முடிஞ்சதும் சபை முன்னால ஒரு சால்வை போட்டுருவோம்.”

நல்ல மனுஷர். நான் வாசல்வரை கூடப் போனேன். திரும்பி வந்தால் இவள் முகம் சரியில்லை.

“சால்வை போட்டா முடிஞ்சுது” என்றாள்.

“மரியாதைதான செய்யுதாரு.”

“உங்களுக்கு ரிட்டயர்மென்ட் அன்னைக்கு டிப்போவுல போட்டாங்கல்லா. மறுநாள் வண்டி குடுத்தாங்களா?”

கொடுக்கவில்லை. அது உண்மை.

“அன்னைக்கு நான் வாசிக்கிறதுல ஒரு இடம் தட்டுனாலும் போதும். பாவம், முடியலன்னு எல்லாரும் உச்சுக்கொட்டுவாங்க. அதோட எனக்கு அந்த ஸ்டூல் கிடையாது. ஒழுங்கா வாசிச்சுட்டேன்னா ஒருத்தரும் எந்திரின்னு சொல்ல முடியாது.”

எனக்குப் பிரச்சினை புரிந்துவிட்டது. பெடல் வேண்டும், அதை மிதிக்க ஒரு கால் வேண்டும். கால் என்னிடம் இருக்கிறது. “நான் மிதிக்கேன், நீ வாசி” என்றேன். அவள் ஐயர் குடித்த காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சந்தோஷம் போல என்று நினைத்தேன்.

மறுநாளே பாளையங்கோட்டை போனேன். காஜா மைதீன் கேட்டார். “எந்த மாதிரி பெடல் வேணும் பெரியவரே?”

“மிதிக்கிற மாதிரி.”

சோப்புப் பெட்டி அளவில் ஒன்றைக் கொடுத்தார். சதுரம். கறுப்பு. கனமே இல்லை. முதலாவது பெடல் அது.

எங்கள் ஏற்பாடு இப்படி. கீபோர்டுக்கு முன்னால் அவள். அவளுக்கு வலது பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு நான். என் இடது கால் சரியாகப் பெடலுக்குப் போகும். கிளட்ச் கால். அதற்குத்தான் நல்ல பழக்கம். தினமும் பத்து மணிக்கு உட்காருவேன். காலைப் பெடலில் வைத்து அமுக்குவேன். கையை நீட்டி சுவிட்சைத் தள்ளுவேன். சிவப்பு பல்பு எரியும். எல்லாம் தயார் ஆன பிறகு அவளைக் கூப்பிடுவேன். அவள் வந்து உட்காருகிற நேரத்துக்குக் காலைத் தளர்த்திக்கொள்வேன்.

“இப்ப மிதிங்க” என்பாள்.

மிதிப்பேன். சத்தம் வெட்டினது மாதிரி நிற்கும்.

“மிதிங்கன்னேன்.”

“மிதிச்சாச்சு.”

“பின்ன ஏன் நிக்குது?”

“பெடல் கோளாறு.”

“சரி, காலை எடுத்துட்டுச் சும்மா இருங்க.”

எடுத்தால் சத்தம் நிற்காது. ஒன்றுமேல் ஒன்றாக ஏறி, எல்லாம் கலந்து கூழாகிவிடும். தலைகீழாக வேலை செய்கிறது. மிதித்தால் நிற்கிறது, விட்டால் ஓடுகிறது. போதாததற்கு மொசைக் தரையில் வழுக்கிக்கொண்டு சுவருக்குப் போகிறது. பத்து நாள் பார்த்தேன். கடைக்குப் போனேன்.

“தலைகீழா இருக்கு” என்றேன்.

காஜா மைதீன் அங்கே ஒரு கீபோர்டில் மாட்டினார். சரியாக வேலை செய்தது.

“நல்லாத்தான இருக்கு.”

“உங்க கடையில நல்லா இருந்து எனக்கு என்ன. நான் வீட்டுலதான் வாசிக்கேன்.”

“வாசிக்கிறது நீங்களா?”

“மிதிக்கிறது நான்.”

வேறு கொடுத்தார். இரண்டாவது பெடல். கொஞ்சம் பெரிசு, அடியில் ரப்பர். பின்பக்கம் ஒரு குட்டி பொத்தான். “தலைகீழா இருந்தா இந்தப் பொத்தானை அந்தப் பக்கம் தள்ளிருங்க, சரியாயிரும்” என்றார்.

வீட்டில் மாட்டினேன். தலைகீழ். பொத்தானைத் தள்ளினேன். சரியாகிவிட்டது. அன்றைக்கு மரகதம் ஒரு பாட்டு முழுக்க வாசித்தாள். எனக்கே கேட்க நன்றாக இருந்தது. மறுநாள் பத்து மணிக்கு உட்கார்ந்து, காலை வைத்து, சுவிட்சைத் தள்ளினேன். பழையபடி தலைகீழ். பொத்தானை இந்தப் பக்கம் தள்ளினேன். சரி. அதற்கு மறுநாள் மறுபடியும் தலைகீழ். இப்படியே பதினைந்து நாள். பொத்தான் கையோடு வந்துவிட்டது.

“நான் ஒரு தடவை மிதிச்சுப் பாக்கட்டுமா?” என்று மரகதம் ஒருநாள் கேட்டாள்.

“பிசியோ அம்மா என்ன சொன்னா? தூக்க முடியாதுன்னாள்ல. முடிஞ்சுது.”

முழங்கால் என்னவோ எனக்கும்தான் வலித்தது. நான் சொல்லிக்காட்டினேனா?

கடைக்கு மூன்றாவது தடவை. இந்த முறை நானே தேர்ந்தெடுப்பேன் என்று சொல்லிவிட்டேன். அலமாரியில் இருந்த பெடல் எல்லாவற்றையும் தரையில் வரிசையாக வைக்கச் சொன்னேன். ஆறு இருந்தது. ஒவ்வொன்றாக மிதித்துப் பார்த்தேன். ஸ்பிரிங் கடினமாக இருந்ததை எல்லாம் ஒதுக்கினேன். அந்தக் காலத்து வண்டியில் கிளட்ச் எப்படி இருக்கும் தெரியுமா? சுவரைத் தள்ளுகிற மாதிரி. என் இடது முழங்காலைத் தின்றதே அதுதான். இன்னொரு தடவை அது வேண்டாம். மெத்தென்று, விரல் வைத்தாலே இறங்குகிற மாதிரி ஒன்று இருந்தது. இதுதான். பாருங்கள். நீளமாக, பளபளவென்று, கனமாக. நகராது. மூன்றாவது பெடல்.

“இது நல்லா இருக்கும் பெரியவரே. ஆனா வாசிக்கிறவங்களுக்கு யாருக்கு...” என்று ஏதோ ஆரம்பித்தார்.

“கட்டிக் கொடுங்க” என்றேன்.

இடையில் ஒன்று சொல்ல மறந்தேன். நான் கடைக்குப் போய்விட்டு வருகிற நாளில் எல்லாம் வீட்டில் தையல் மிஷின் மூடி திறந்து கிடக்கும். கால் மிஷின், பழசு. துணி எதுவும் இருக்காது. பெல்ட்டைக்கூடக் கழற்றிப் போட்டிருப்பாள். பெல்ட் இல்லாமல் ஊசி இறங்காது, என்னத்தைத் தைத்தாள் என்று கேட்கவில்லை. எனக்குப் பெடல் கவலை.

ஷீபா டீச்சர் ஒருநாள் வந்தாள். நல்ல பிள்ளை. எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். என்னிடம்தான் பேசினாள். “மாமா, அத்தைக்கு எதுக்கு இவ்வளவு சிரமம். முதல் கவி மட்டும் வாசிக்கட்டும். மீதி மூணு கவியை நான் ஆர்மோனியத்துல பாத்துக்கிடுதேன்.” கவி என்றால் பாட்டில் ஒரு பத்தி. நான்கு கவி உள்ள பாட்டு அது. எனக்கு நல்ல யோசனையாகப்பட்டது. மரகதம் சிரித்துக்கொண்டே இருந்தாள். டீச்சர் போன பிறகு கீபோர்டைத் துணி எடுத்துத் துடைத்தாள். தூசி எதுவும் இல்லை.

மூன்றாவது பெடலும் தலைகீழ்.

நான் கடைக்குப் போன் பண்ணி நாலு வார்த்தை பேசினேன். காஜா மைதீன் எல்லாம் கேட்டுவிட்டு, “பெட்டியோட வாங்க” என்றார். டிசம்பர் மாதம், மழை வேறு. பாலித்தீன் சுற்றி, கீபோர்டைத் தூக்கிக்கொண்டு இதே பஸ்ஸில் போனேன். கண்டக்டர் தெரிந்தவன், சீட் கொடுத்தான். கீபோர்டுக்கு. நான் நின்றுகொண்டு போனேன்.

கடையில் அவர் மாட்டினார். சரியாக வேலை செய்தது. பின்னே வராதா எனக்குக் கோபம்.

“நீங்க மந்திரம் வச்சிருக்கீங்களா?” என்றேன்.

“கோவப்படாதீங்க. நீங்களே ஆன் பண்ணுங்க. வீட்டுல எப்படிச் செய்வீங்களோ அப்படியே.”

ஸ்டூலில் உட்கார்ந்தேன். காலை வைத்து அமுக்கினேன். சுவிட்சைத் தள்ளினேன். அவர் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்தார். டீ சொன்னார்.

“காலை எதுக்கு முதல்லயே வச்சீங்க?”

“கிளட்ச்சை அமுக்காம எவனாவது வண்டியை ஸ்டார்ட் பண்ணுவானா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார். கரண்ட் வருகிற நேரத்தில் இந்தப் பெட்டி ஒருமுறை பெடலைப் பார்த்துக்கொள்ளுமாம். அப்போது பெடல் எப்படி இருக்கிறதோ அதுதான் ஓய்வு நிலை என்று எடுத்துக்கொள்ளுமாம். நான் அமுக்கிக்கொண்டே சுவிட்ச் போட்டதால், அமுங்கி இருப்பதுதான் ஓய்வு என்று நினைத்துவிட்டது. அதனால் எல்லாம் தலைகீழ்.

“மூணு பெடலும் நல்ல பெடல் பெரியவரே” என்றார்.

“இதை முதல்லயே சொல்லியிருக்கணும்.”

“யாரும் இப்படிச் செய்வாங்கன்னு எனக்கு...”

“டிரைவருங்க செய்வாங்க” என்றேன்.

இதில் தப்பு பெட்டியுடையது. ஒரு ஆள் காலை வைத்திருக்கிறானா எடுத்திருக்கிறானா என்று தெரியாத பெட்டி என்ன பெட்டி? வீட்டில் மரகதத்திடம் சொன்னேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அரைமணி நேரம் வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு சரியாக நடந்தது. முதலில் சுவிட்ச், பிறகு கால். அவள் முழங்காலால் என் முழங்காலைத் தட்டுவாள். தட்டினால் எடுத்து வைக்க வேண்டும். கியர் மாற்றுகிற மாதிரிதான். கொஞ்சம் பிந்தும். “பிந்துது” என்பாள். “தட்டுறது பிந்துது” என்பேன். இப்படியே பண்டிகை வந்துவிட்டது.

இந்த வேகத்தடையில் பார்த்தீர்களா? நான்காவது கியரிலேயே ஏற்றி இறக்குகிறான். போகட்டும்.

பிரதிஷ்டைப் பண்டிகை. சர்ச் கட்டி முடித்துத் திறந்த நாள். வருஷா வருஷம் கொண்டாடுவோம். வெளியே சீரியல் பல்பு, மைக் செட், எல்லாம் ஒரே லைனில். சபை நிறைந்து வெளியே பந்தல் வரை ஆட்கள். கீபோர்டு முன்னால் மரகதம், பக்கத்தில் முக்காலியில் நான். வெள்ளை வேட்டி. அந்தப் பக்கம் கால் ஆர்மோனியத்தில் ஷீபா டீச்சர், விரலைத் தயாராக வைத்துக்கொண்டு. ஐயர் பக்கத்து மேஜையில் சால்வை, தட்டில், கண்ணாடித் தாள் சுற்றி.

முதல் கவி. நன்றாகப் போனது. இரண்டாம் கவியை டீச்சருக்கு விடாமல் இவளே தொடர்ந்தாள். அதில் பாதி. கரண்ட் போய்விட்டது.

ஃபேன் நின்றது. கீபோர்டு செத்தது. சபை நிறுத்தவில்லை, பாடிக்கொண்டே இருந்தது. எங்கள் ஆட்கள் பாட ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். ஷீபா டீச்சர் பாவம், உதவி செய்கிற எண்ணத்தில் ஆர்மோனியப் பலகையில் காலை வைத்தாள். மரகதம் அவளைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். டீச்சர் காலை எடுத்துவிட்டாள்.

இரண்டாம் கவி முடிந்து மூன்றாம் கவிக்குப் போய்விட்டது சபை. ஜெனரேட்டரை யாரோ இழுக்கிற சத்தம் கேட்டது. எங்கள் கீபோர்டு சுவிட்ச் தள்ளுகிற சுவிட்ச், தள்ளின இடத்திலேயே நிற்கும். கரண்ட் வந்தால் தானாக உயிர் வந்துவிடும். என் கால் பெடல் மேல் அழுத்திக்கொண்டு இருக்கிறது. பதற்றத்தில் மனுஷன் கிளட்ச்சைத்தான் மிதிப்பான். வேறு என்ன செய்வான்?

“காலை எடுங்க” என்றாள். மெதுவாக. முன்பக்கம் பார்த்துக்கொண்டே.

எடுத்தேன். அந்த நொடி ஜெனரேட்டர் பிடித்தது. சிவப்பு பல்பு எரிந்தது. ஃபேன் சுற்றியது. நான் காலைத் திரும்ப வைக்கப் போனேன்.

இடம் இல்லை.

வெள்ளை ஷூ இருந்தது அங்கே.

“மரகதம்” என்றேன்.

“உஷ்” என்றாள்.

வாசித்தாள். மூன்றாம் கவியில் பாதி, நான்காம் கவி முழுக்க. நான் கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுத்துவது சுலபமாக நடந்தது. தூக்குவது பாதத்தால் இல்லை. தொடையிலிருந்து முழுக் காலையும் சேர்த்துத் தூக்கினாள். ஒவ்வொரு தடவையும். தூக்கி, வைத்து, தூக்கி, வைத்து. கழுத்தில் வியர்வை ஓடியது. இரண்டு இடத்தில் பிந்தியது, சத்தம் கலங்கியது. அது எனக்குத் தெரியும். வேறு ஒருத்தருக்கும் தெரியாது.

என் கால் அந்தரத்தில் நின்றது. எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முக்காலிக்கு அடியில் மடக்கிக்கொண்டேன்.

பாட்டு முடிந்தது. ஐயர் தட்டிலிருந்து சால்வையை எடுத்து, தாளை உரித்து, விரித்துக்கொண்டு வந்தார். மரகதம் எழுந்திருக்கவில்லை. பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்.

“ரெண்டாம் பாட்டு எத்தனாம் நம்பர் ஐயரே?”

ஐயர் நம்பரைச் சொன்னார். வேறு என்ன செய்வார்? ஷீபா டீச்சர் ஆர்மோனிய மூடியை மெதுவாக மூடினாள். அவள் முகத்தில் வருத்தம் இல்லை. எனக்கு அது ஆச்சரியம்.

ஐயர் சால்வையை விரித்தபடி நின்றார். பாவம், யாருக்காவது போட்டாக வேண்டும். எனக்குப் போட்டார். சபை கைதட்டியது. எதற்கு என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. இந்தப் பெடலைச் சுற்றியிருக்கிற துணி அதுதான்.

அன்றைக்கு அவள் ஐந்து பாட்டு வாசித்தாள். மறு ஞாயிறும் வாசித்தாள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். “எத்தனை நாளா?”

“என்ன எத்தனை நாளா?”

“காலு.”

தையல் மிஷினைக் கண்ணால் காட்டினாள். “நீங்க பெடல் மாத்தப் போன நாளெல்லாம். வீட்டுல சத்தமில்லாம இருக்கும்லா.”

இரண்டு நாள் கழித்து, அவள் தூங்கும்போது அந்த மிஷின் பெடலில் கையை வைத்து அமுக்கிப் பார்த்தேன். அமுக்கினால் இறங்குகிறது. விட்டால் சக்கரம் சுற்றிக்கொண்டே அதுவாக மேலே வருகிறது. காலைத் தூக்கிக் கொடுக்கிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கீபோர்டு பெடல் அப்படிச் செய்யாது. நான்தான் மெத்தென்று இருக்கட்டும் என்று வாங்கினேனே. அவள் பாதத்தை இது தூக்காது. அதனால்தான் தொடையால் தூக்குகிறாள். ஆராதனை முடிந்து வந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறாள்.

கொஞ்சம் இதை அமுக்குங்கள், அண்ணாச்சி. கையாலேயே அமுக்குங்கள். ஆ. இப்போது விடுங்கள். எப்படிச் சோம்பேறி மாதிரி மேலே வருகிறது பார்த்தீர்களா? இது ஆகாது. ஸ்பிரிங் கடினமாக இருக்க வேண்டும். மேலே தள்ள வேண்டும். அன்றைக்கு நான் ஒதுக்கினேனே, அந்த ஐந்தும். அதில் ஒன்றுதான் சரியான பெடல். ஐந்தில் எது என்று பார்க்க வேண்டும்.

அதற்குத்தான் ஈர்க்குச்சி. கூட வராத ஆளுக்குச் செருப்பு வாங்கப் போனால் பாதத்தை ஈர்க்குச்சியில் அளந்து ஒடித்துக்கொண்டு போவோமில்லையா. ராத்திரி அவள் பாதத்தை அளந்தேன். முழித்துக்கொண்டாள். “செருப்பா?” என்றாள். “தூங்கு” என்றேன். அது குதிகாலிலிருந்து பெருவிரல் வரை. இதை வைத்துப் பார்த்தால் எந்தப் பெடல் அவள் பாதத்துக்கு ஒத்துவரும் என்று தெரிந்துவிடும். ஸ்பிரிங் எவ்வளவு கடினம் என்பதை நான் மிதித்துப் பார்த்து ஒரு கணக்காக...

என்ன?

அவளையே கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே என்கிறீர்களா?

கடையில் உட்காரவைத்து, அவளே மிதித்துப் பார்த்து.

இல்லை, பஸ் படி உயரம். வேன் படியில்தான் விழுந்தாள். அதற்குப் பிறகு அவளைப் பஸ்ஸில் ஏற்றவில்லை. இடது காலை முதலில் வைத்தால் ஏறிவிடுவாள், அது வேறு விஷயம். கைப்பிடி பக்கத்தில் இருந்தால் போதும். டிரைவரிடம் நான் சொன்னால் ஒரு நிமிஷம் நிற்பான். இவன் நிற்பானா தெரியாது. பன்னிரண்டு மணி வண்டியை ஓட்டுகிறவன் நமக்குத் தெரிந்தவன்.

மணி என்ன? பத்தேகாலா?

இப்போது திரும்பினால் பதினொன்றுக்கு வீடு. அவள் புறப்பட அரைமணி. பன்னிரண்டு வண்டி. மத்தியானம் கடையைச் சாத்த மாட்டார் அந்த மனுஷர், எனக்குத் தெரியும்.

கண்டக்டர், இங்கே ஒரு ஆள் இறங்கணும். ஸ்டாப் இல்லைதான், தெரியும். நிறுத்தச் சொல்லும்.

காலைக் கொஞ்சம் மடக்குங்கள், அண்ணாச்சி. நான் எதிர்ப்பக்கத்து பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

இந்த ஈர்க்குச்சியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.